அஞ்சலை கேட்ட தண்ணீர்

திருவண்ணாமலைத் தீபத்துக்கு என்னையும் நடத்திக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நான் அழுத அழுகைக்கு அப்பா அந்த வருஷம்தான் இரங்கினார். உண்மையில் இரங்கியது அப்பா இல்லை, அத்தை. இன்னும் கொஞ்ச நாளில் பெரிய மனுஷி ஆகிவிட்டால் இவள் எங்கே போகப்போகிறாள், இப்போதே போய்வரட்டும், துணைக்கு நானும் வருகிறேன் என்று அவள் சொன்ன பிறகு அப்பா மறுவார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் அத்தை பேசி முடித்த பிறகு பேசும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் அவளுக்கென்று யாரும் மிஞ்சாமல் போனதால், நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அங்கே என்ன நடந்தது என்பதை யாரும் பேசமாட்டார்கள். ஊரில் எந்தக் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எது கொடுக்கலாம், எது கூடாது என்று அவள் சொன்னால் அதுதான் சட்டம்.

அப்பாவின் அதிகாரமெல்லாம் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். கார்த்திகை தவறாமல் தீபத்துக்கு நடந்து போகிறவர் அவர். திண்டிவனத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து வருஷா வருஷம் ஒரு கூட்டம் அவர் பின்னால் புறப்படும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும், எந்தச் சாவடியில் மூட்டைப்பூச்சி இல்லை, எந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்தால் எறும்பு கடிக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டில் வாய் திறக்காத மனிதர் அந்தச் சாலையில் மட்டும் எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டு நடப்பார். அதைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே எனக்குப் போகவேண்டியிருந்தது.

நான் போகிறேன் என்றதும் பச்சையம்மா அவள் அப்பாவை நச்சரித்து அவரையும் புறப்பட வைத்தாள். மூன்றாவதாக அஞ்சலை. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள், ஒன்றாக மல்லாட்டைக் கொல்லையில் உதிர்ந்த கடலை பொறுக்கியவர்கள். எனக்கும் பச்சையம்மாவுக்கும் திருவண்ணாமலை என்றால் வளையல் கடையும் பொரி உருண்டையும்தான். அஞ்சலைக்கு மட்டும்தான் அங்கே ஒரு காரியம் இருந்தது.

அவள் அப்பா ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனவர். ரங்கூனில் குண்டு விழுந்தது என்ற சேதி வந்ததோடு சரி, அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கப்பலில் வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. காட்டு வழியாக நடந்து வருகிறார்கள் என்றார்கள். அதிலும் வரவில்லை. அஞ்சலையின் அம்மா தீபத்துக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாள். ஆனால் அறுப்பு வேலையை விட்டுவிட்டு அவளால் கிளம்ப முடியவில்லை. அதனால் தனக்குப் பதிலாக மகளை அனுப்பினாள். புறப்படுகிற அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று, அப்பாவிடம் அவளை ஒப்படைத்துவிட்டு, மகளின் தலையைத் தடவியபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வழியில எந்த வண்டி நிறுத்தினாலும் ஏறாத. யாரு இடுப்புலயும் ஏறிக்கினு போவாத. உன் காலால நடந்தாத்தான் உங்கப்பன் நடந்து வருவாரு."

அஞ்சலை தலையை ஆட்டினாள். அவள் எதையும் அதிகம் பேசாமல் ஏற்றுக்கொள்கிற பெண்.

முதல் நாள் இரவைத் திண்டிவனத்தில் ஒரு சத்திரத்தில் கழித்துவிட்டு, விடியும்போது செஞ்சிச் சாலையைப் பிடித்தோம். ஊர் முடிகிற இடத்தில் சாலைக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். தீபத்துக்குப் போகிறவர்களுக்கெல்லாம் காலரா ஊசி. ஊசி போடாமல் யாரையும் விடமாட்டார்களாம். பெரியவர்களே பின்னால் நகர்ந்து நின்றார்கள். அப்பா முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். போட்டுக்கொண்டு திரும்பி, எறும்பு கடித்ததுபோல் இருக்கிறது என்று எங்களிடம் சொன்னார். அது பொய். நானும் பச்சையம்மாவும் ஊரைக் கூட்டினோம். அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுத்தாள். ஊசி போட்டவர், இன்றைக்குக் கை வலிக்கும், உடம்பு கொஞ்சம் சுடும், பயப்படவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த வார்த்தை எங்களை வெகுநேரம் ஏமாற்றியது.

மழைக்காலம். தூறுவதும் விடுவதுமாக இருந்தது வானம். கோணிச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, புளியமரங்களுக்கு அடியில் வரிசையாக நடந்தோம். சாலைக்கு இரண்டு பக்கமும் ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. முன்னால் போகிறவர்கள் அரோகரா போட்டால் பின்னால் வருகிறவர்கள் வாங்கிச் சொல்லவேண்டும். எங்கள் மூன்று பேர் குரலும்தான் கடைசியில் கேட்கும். கரிப்புகையில் ஓடும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், ஒரு மேட்டில் ஏறமுடியாமல் நின்றது. அதிலிருந்தவர்கள் இறங்கித் தள்ள, நாங்கள் நடந்தே அதைத் தாண்டினோம். அப்பாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். பஸ்ஸை நம்பினவனைப் பார்த்தீர்களா என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

தீவனூரில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அஞ்சலை தன் பங்குப் புளிச்சோற்றை எனக்கும் பச்சையம்மாவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். எங்களுக்கு அது அதிர்ஷ்டமாகப்பட்டது. உடம்பு சுடுகிறதா என்று அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை, சில்லென்று இருந்தது. மழையில் நனைந்ததால் என்றும், இதெல்லாம் ஊசியின் வேலை என்றும் அவரே சொல்லிக்கொண்டார். நேற்று தின்ற பச்சை மல்லாட்டையின் வேலை என்றாள் அத்தை.

அங்கிருந்து புறப்பட்ட பிறகு அஞ்சலை அடிக்கடி பின்தங்கினாள். புதர் மறைவுக்குப் போய் வருவாள். வந்து ஓடி எங்களோடு சேர்ந்துகொள்வாள். பிறகு மறுபடியும் போவாள். பச்சையம்மா அவளைக் கேலி செய்தாள். அஞ்சலை சிரித்தாள். அத்தையிடம் சொல்லட்டுமா என்று நான் கேட்டபோது, வேண்டாம், வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் சாலை நடுவில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். கால் அவள் சொன்னபடி கேட்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். சோறு இல்லை, வெறும் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி.

அத்தை வந்து குனிந்து பார்த்தாள். அஞ்சலையின் கையைப் பிடித்து மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிறகு விட்டாள். தோல் மடித்தபடியே நின்றது. காலையில் என்னோடு கை கோத்து நடந்தவளின் விரல்கள் வெகுநேரம் துணி துவைத்தவளின் விரல்களைப் போல் சுருங்கியிருந்தன. அத்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சொல்லாமலே சுற்றி நின்ற எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது.

கூட்டம் கரைந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாரும் ஓடவில்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். இன்னொருவர், நாங்கள் முன்னால் போய் இடம் பிடிக்கிறோம் என்றார். கடைசியில் பச்சையம்மாவின் அப்பா நின்றார். என்னையும் கூட்டிப்போவதாக அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னைப் போகச் சொன்னார். நான் அஞ்சலை பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துகொண்டேன். பச்சையம்மாவின் அப்பா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அப்பா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பின்னால் நடக்க இப்போது யாரும் இல்லை.

அருகில் ஒரு கிராமம் தெரிந்தது. வண்டி கேட்கலாம் என்று அப்பா வயல் வரப்பில் ஓடினார். ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டி, பாதையில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் கம்போடு நின்றார்கள். அப்பா இந்தப் பக்கம் நின்று கும்பிட்டது எனக்குத் தூரத்திலிருந்து தெரிந்தது. அவர்களும் அவரைக் கும்பிட்டார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டார்களே தவிர, வண்டி வரவில்லை. அந்த ஊரில் ஏற்கெனவே வாந்திபேதியில் நிறையப் பேர் போய்விட்டார்கள் என்று அப்பா திரும்பி வந்து சொன்னார்.

திண்டிவனத்துக்குத் திரும்புவதா, செஞ்சிக்கே போவதா என்று அவரும் அத்தையும் பேசினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். செஞ்சியில் ஆஸ்பத்திரி இருக்கிறது, போகிற வழியில் வண்டி கிடைத்தாலும் கிடைக்கும் என்று அப்பா சொன்னார். அஞ்சலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் கனம் குறைந்து ஒரு துணி மூட்டையைப் போல அவர் முதுகில் தொங்கினாள். ஆனால் அவளுக்கு நினைவு இருந்தது.

"எறக்கி வுடுங்க மாமா. நான் நடக்கணும்."

"நடக்கலாம், நடக்கலாம். கொஞ்ச தூரம் போய் எறக்கி வுடுறேன்" என்றார் அப்பா.

அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, இந்த இடமா, இந்த இடமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு அதைக் கேட்பதை விட்டுவிட்டுத் தண்ணீர் கேட்க ஆரம்பித்தாள்.

தண்ணீர் கூடவே கூடாது என்றாள் அத்தை. உள்ளே போவதெல்லாம் வெளியே போகும், தண்ணீர் கொடுத்தால் அந்த நிமிஷமே உயிர் போய்விடும், வயிறு காய்ந்தால்தான் நோய் நிற்கும். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அத்தை நம்பியது மட்டுமில்லை, அவளுக்கு அது கண்ணால் பார்த்து வந்த ஞானம். அப்பா தயங்குவதைப் பார்த்து அவள் கோபத்தோடு சொன்னாள்:

"என் புள்ள ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தண்ணி தண்ணின்னு கத்தினான். ஒரு சொட்டு குடுக்கல நான். மனச கல்லாக்கிக்கினு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். குடுத்திருந்தா அன்னைக்கே போயிருப்பான். எனக்குத் தெரியாதா தம்பி?"

அத்தைக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் அதை யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. இரண்டு மூட்டையையும் தூக்கிக்கொண்டு அப்பாவின் நடைக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. என் முகத்துக்கு நேராக அஞ்சலையின் தலை தொங்கிக்கொண்டு வந்தது. கண் உள்ளே போய்விட்டது. உதடு வெடித்திருந்தது. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்து மழையை வாங்கப் பார்த்தாள். முகம் கீழ்நோக்கி இருந்ததால் மழை அவள் பின்தலையில்தான் விழுந்தது. "தண்ணி குடுடீ" என்று என்னிடம் கேட்டாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என் கையிலிருந்த செம்பை வாங்கித் தன் மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

வல்லத்துக்கு இந்தப் பக்கம், ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, சாலைமேல் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவு தண்ணீர். சுற்றிலும் எங்கு பார்த்தாலும் தண்ணீர். அதன் இரைச்சல் கேட்டதும் அஞ்சலை தலையைத் தூக்கினாள். அவ்வளவு நேரம் தூக்காத தலை. அப்பா நடுத்தண்ணீரில் நின்றார். அஞ்சலை கையைக் கீழே நீட்டினாள். கை எட்டவில்லை. விரல்கள் காற்றில் அலைந்தன.

அப்பா அக்கரை சேர்ந்து, ஒரு கல்மேல் உட்கார்ந்து, அவளை மடியில் கிடத்திக்கொண்டார். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அவள் வாயில் விட்டார். அத்தை ஓடிவந்து அவர் கையைத் தட்டினாள். அப்பா மறுபடியும் அள்ளினார். பிறந்ததிலிருந்து அக்காள் பேச்சை மீறாத மனிதர், அன்றைக்கு அவள் கத்தக் கத்த, அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அஞ்சலை அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். கொஞ்சம் வாந்தி எடுத்தாள். மறுபடியும் குடித்தாள்.

"கொல்றியேடா" என்றாள் அத்தை. "ஊரான் வீட்டுப் புள்ளய உன் கையாலயே கொல்றியே."

அப்பா அஞ்சலையை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவள் ஏதும் கேட்கவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். செஞ்சி மலை மழைக்குள்ளிருந்து கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. அதைக் காட்டுவதற்காக அவள் கையைப் பிடித்து ஆட்டினேன். அத்தை என் கையை எடுத்துவிட்டாள். வண்டி ஒன்று எதிரே வந்தது. வண்டிக்காரர் நிறுத்தி, என்ன ஏது என்று விசாரித்து, வண்டியைத் திருப்புகிறேன், ஏற்றுங்கள் என்றார். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவ்வளவு நேரமும் வண்டி வண்டி என்று தவித்தவர் வந்த வண்டியை ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவளை இறக்கவேண்டிய அவசரம் அவருக்கு இனிமேல் இல்லை. இறக்காமல் இருக்கிற வரைக்கும்தான் அவள் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை.

செஞ்சிக்கு வெளியே சாவடியில்தான் இறக்கினார். பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள். இனிமேல் எங்கேயும் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே புதைக்கவேண்டும் என்றார்கள். அவள் அம்மா பார்க்கவேண்டுமே என்று அப்பா கேட்டார். அவர்கள் நல்லவர்களாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா தன் மேல்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அத்தை அஞ்சலையின் முகத்தைத் துடைத்து, தலையை வாரிப் பின்னினாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த அத்தை அந்தப் பின்னலை அவ்வளவு பொறுமையாகப் போட்டாள். மலையடிவாரத்தில் ஒரு மேட்டில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். சாலையில் அரோகரா போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

நாங்கள் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தோம். தீபத்தன்று சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டு வாசலிலும் அகல் எரிந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் நல்லெண்ணெயும் கிடைக்காத காலம். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் ஏற்றியிருந்தார்கள். அஞ்சலையின் வீட்டு வாசலில் மட்டும் வரிசையாக எரிந்தது. அவள் அம்மா யாரிடமெல்லாம் எண்ணெய் கேட்டு வாங்கினாளோ. அவள் கடைசி அகலுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தோம் என்று ஆச்சரியத்தோடு எழுந்தாள். எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"எங்கண்ணே அவ? கால் வலிக்குதுன்னு பின்னால வர்றாளா?"

அப்பா வாயைத் திறந்தார். அத்தைதான் சொன்னாள். வாந்திபேதி வந்ததைச் சொன்னாள். தோளில் தூக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். கடைசியில், "நான் எவ்வளவோ தடுத்தேன். இவன்தான் தண்ணி குடுத்துட்டான்" என்று சொன்னாள்.

அஞ்சலையின் அம்மா உடனே அழவில்லை. அவள் நடந்தாளா, முழுசும் நடந்தாளா என்று கேட்டாள். தூக்கிக்கொண்டு வந்தோம் என்பதை அவள் காதில் வாங்கவில்லையோ என்னவோ. பாதி வழிக்கு மேல் நடந்தாள் என்று அப்பா சொன்னார். பாதி வழிதானா என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. எண்ணெய் தீர்ந்து அவை தானாக அணைந்தன.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அப்பா தண்ணீர் கொடுத்தவர் ஆனார். யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள். நல்ல மனிதர், அந்த ஒரு நேரத்தில் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள். அஞ்சலையின் அம்மா எங்கள் கொல்லை வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். பச்சையம்மா என்னோடு பேசினாலும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. அத்தை சாப்பாடு போடும்போதும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போட்டாள். அப்பா ஒருமுறைகூட எதிர்த்துப் பேசவில்லை. தவறு செய்தவர் என்பதால்தான் பேசாமல் இருக்கிறார் என்று நானும் நம்பினேன். செம்பில் தண்ணீர் மொண்டு அவர் என்னிடம் நீட்டினால் எனக்கு உள்ளுக்குள் பயமாக இருக்கும்.

பங்குனி வெயில் ஏறியிருந்த சமயத்தில் அஞ்சலையின் அப்பா வந்தார்.

முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடியும் எலும்புமாக, கோல் ஊன்றிக்கொண்டு ஒருவர் தெருவில் வந்தார். பாதமெல்லாம் ஆறாத புண். பர்மாவிலிருந்து காட்டிலும் மலையிலும் நடந்து, வங்காளத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து, பிழைத்து வந்திருந்தார். வேண்டுதல் பலித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் வீட்டிலிருந்து எழுந்த அழுகை எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏதோ நடக்கப்போகிறது என்று தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. பச்சையம்மாவும் கூட்டத்துக்குள் நின்றாள். அப்பா உள்ளேயிருந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி கேட்டாளா மச்சான்?" என்று அவர் கேட்டார்.

"கேட்டா."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எம்மாந்தண்ணி குடுத்த?"

"அவ போதும்னு கைய வுடற வரைக்கும் குடுத்தேன்" என்றார் அப்பா.

அவர் அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் அப்பாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலேயே பேசினார். மெல்லத்தான் பேசினார், ஆனால் தெருவில் அவ்வளவு அமைதி.

"மலை வழியில நடந்து வர்றப்ப ரெண்டு பக்கமும் படுத்துக் கெடந்தாங்க மச்சான். வாந்திபேதி. கைய நீட்டித் தண்ணி தண்ணின்னு கேப்பாங்க. குடுத்தா செத்துடுவாங்கன்னு ஒருத்தனும் குடுக்கல. என்கிட்ட தண்ணி இருந்துது. நானும் குடுக்கல, தாண்டிக்கினு வந்துட்டேன். தண்ணி இல்லாமயே அத்தினி பேரும் செத்தாங்க. என்கூட வந்தவன் ஒருத்தன் ஓடைப் பக்கமா விழுந்து கெடந்தான். தண்ணியில வாய வெச்சுக் குடிச்சுக்கினே கெடந்தான். அவன் மட்டுந்தான் எழுந்து வந்தான். எம் பொண்ணு கேட்டதுக்கு நீ குடுத்தியே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளைக் கொன்ற கையை இவர் எதற்காகக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார் என்று திகைத்துப்போனேன். அப்பா அவரைப் பார்க்கவில்லை. பயந்துபோய்த் திரும்பி, அத்தை நின்ற கதவு நிலைப் பக்கம்தான் பார்த்தார். "போதும் மச்சான், இத்தோட வுடு" என்று மெதுவாகச் சொன்னார்.

அத்தை நிலையை விட்டுக் கையை எடுத்தாள். உள்ளே போனாள். பிறகு நெல் குதிருக்குப் பின்னாலிருந்து அவள் அழுகிற குரல் வந்தது. அத்தை அழுது நான் கேட்டதே இல்லை. செஞ்சியில் அஞ்சலையைப் புதைத்தபோதுகூட அழாதவள். தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நான் அதுவரை கேட்டறியாத, யாரோ ஒரு பையனின் பெயர். அப்பா ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வாசலுக்கு வந்து பச்சையம்மாவிடம் சொன்னேன், அத்தை அஞ்சலைக்காக அழுகிறாள், பாவம், அழுகிற அவசரத்தில் பேரை மாற்றிச் சொல்கிறாள் என்று.